சுத்திகரித்த நீர்: எவ்வளவு சுத்தம்?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கழிவுநீர் மேலாண்மை பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் நம் எல்லோருக்கும் ஒரு படம் மனப்பாடம். கம்பி வலை, மணல் தொட்டி, படிவுத் தொட்டி, காற்றூட்டும் தொட்டி, மறுபடி ஒரு படிவுத் தொட்டி, குளோரின். கடைசியில் ஓர் அம்புக்குறி, அதன் முனையில் ‘ஆறு’ என்று ஒரு சொல். கரும்பலகையில் வரைகிறோம், பாகங்களைக் குறிக்கிறோம், அடுத்த பாடத்துக்குப் போகிறோம். இன்று நான் அந்த அம்புக்குறியைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

காரணம், அந்த அம்புக்குறி இப்போது பல ஊர்களில் நிஜமாகவே வந்து நிற்கிறது. நகரத்துக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வருகிறது. ஊருக்கு வெளியே சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறார்கள். அங்கிருந்து வெளியேறும் நீர் ஆற்றுக்குப் போகிறது. ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் கிராமங்கள் பதறுகின்றன. “சாக்கடையை ஆற்றில் விடுகிறார்கள்” என்று மக்கள் சொல்கிறார்கள். “சுத்திகரித்துத்தான் விடுகிறோம்” என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இரண்டு பேர் பேச்சிலும் ஓர் எண்கூட இருப்பதில்லை.

எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவியின் அப்பா இப்படி ஒரு நிலையத்தில் இயந்திரம் இயக்குபவர். அதே வகுப்பில் ஒரு மாணவனின் பாட்டி கீழ்க்கரையில் ஆடு மேய்க்கிறார். ஆடுகள் தண்ணீர் குடிப்பது அந்த ஆற்றில்தான். பையன் சொன்னான், “பாட்டி அந்தத் தண்ணியில கால்கூட வைக்கக் கூடாதுன்னு சொல்லுது சார்.” அந்தப் பெண் சொன்னாள், “எங்கப்பா ராத்திரி பகலா அதைச் சுத்தம் பண்ணத்தான சார் போறாரு?” பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நம் படத்தில் அதற்கு விடை இல்லை.

முதலில் அந்த நிலையம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெரிய குப்பை, மணல், எண்ணெய் ஆகியவற்றைப் பிரித்த பிறகு நடப்பது முழுக்க நுண்ணுயிர்களின் வேலை. மனிதக் கழிவிலும் சமையலறை நீரிலும் உள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் தின்கின்றன. தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைத்தான் பெரிய காற்றூதிகள் நீருக்குள் செலுத்துகின்றன. தின்று கொழுத்த பாக்டீரியாக் கூட்டம் கசடாக அடியில் படியும். அதில் ஒரு பகுதியை மறுபடி தொட்டிக்குள் விட்டால் அடுத்த நாள் வேலைக்கு ஆள் தயார். 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள். ஆறு பல கிலோமீட்டர் ஓடிச் செய்யும் வேலையை ஒரு தொட்டி சில மணி நேரத்தில் செய்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆகவே அங்கே உயிர்நாடி மின்சாரம். காற்றூதி நின்றுபோய் நெடுநேரம் ஆனால் பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறும். மின்சாரம் வந்த பின்னும் அவை பழைய நிலைக்குத் திரும்ப நாள்கள் ஆகலாம். “அப்பாவுக்கு ராத்திரி போன் வந்தா கரன்ட் போயிருக்குன்னு அர்த்தம் சார்” என்று அந்த மாணவி வகுப்பில் சொன்னாள். பாடநூலில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய வரி அது.

இனி எண்களுக்கு வருவோம். நீரின் அழுக்கை அளக்கப் பல அளவுகள் உண்டு. முதன்மையானது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. ஒரு லிட்டர் நீரில் உள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியாக்கள் தின்ன எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதே அது. நம் நாட்டில் 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் இது ஏறத்தாழ 200 முதல் 300 வரை இருக்கும். நம் வெயிலில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் 7.5 மில்லிகிராம்தான். அப்படியென்றால் 225 பி.ஓ.டி. உள்ள ஒரு லிட்டர் சாக்கடை, 30 லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜன் முழுவதையும் காலி செய்துவிடும். ஆற்றில் மீன் செத்து மிதந்தால் விஷம் கலந்துவிட்டார்கள் என்கிறோம். பல நேரங்களில் விஷமே தேவைப்படாது. மூச்சு முட்டியே மீன்கள் சாகும்.

சுத்திகரித்த பிறகு அந்த எண் எவ்வளவு குறைய வேண்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. மதிய உணவுக்குப் பின் கணக்குச் சொல்வது பாவம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் கழிவுநீர் அகற்றல் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 1912இல் தன் எட்டாவது அறிக்கையைத் தந்தது. ஆற்று நீரின் பி.ஓ.டி. 4க்கு மேல் போனால் ஆறு தொல்லை தரத் தொடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். சுத்தமான ஆற்றில் அது 2 இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு பங்கு கழிவுநீர் கலக்கும் இடத்தில் எட்டுப் பங்கு ஆற்று நீராவது ஓட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார்கள். எட்டுப் பங்கு நீர், ஒவ்வொன்றிலும் 2, மொத்தம் 16. ஒரு பங்கு கழிவுநீரில் 20. கூட்டினால் 36, ஒன்பது பங்குக்குப் பகிர்ந்தால் 4. உலகம் முழுவதும் சுற்றிவந்த ‘பி.ஓ.டி. 20’ என்ற எண்ணின் பிறப்பு இதுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் சராசரிக் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள். எட்டுப் பங்கு ஆற்று நீர். ஆண்டெல்லாம் மழை பெய்யும் தேசத்தில் எழுதப்பட்ட கணக்கு அது. நம் வைகையையும் பாலாற்றையும் நினைத்துப் பாருங்கள். ஆண்டில் பல மாதங்கள் மணல்தான் கிடக்கிறது. அப்போது அந்த ஆற்றில் விடும் சுத்திகரித்த நீர் எந்த ஆற்றோடு கலக்கும்? ஒன்றோடும் இல்லை. அந்த நீரேதான் ஆறு. பி.ஓ.டி. 20 என்று விட்டால் ஆற்றின் பி.ஓ.டி.யும் 20. ‘விதிக்கு உட்பட்டுத்தான் விடுகிறோம்’ என்று ஒரு பொறியாளர் சொல்வது பொய் இல்லை. ‘ஆறு நாறுகிறது’ என்று கீழ்க்கரைக்காரர் சொல்வதும் பொய் இல்லை. வகுத்தலில் கீழே இருக்க வேண்டிய ஒன்பது காணாமல் போய்விட்டது.

நம் நாட்டு விதிகளையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கையின்படி, நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் பி.ஓ.டி. பெருநகரங்களில் 20, மற்ற இடங்களில் 30 வரை இருக்கலாம். 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இது போதாது, 10 ஆக்குங்கள் என்றது. மறுபக்கம், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிப்பதற்கு உகந்த ஆற்று நீருக்கு வைத்திருக்கும் வரம்பு 3.

இதை எட்டாம் வகுப்பில் ஒருபடிச் சமன்பாடாகக் கொடுத்தேன். பி.ஓ.டி. 2 உள்ள நல்ல நீர் எத்தனை பங்கு கலந்தால் மொத்தம் 3 ஆகும்? நிலைய நீர் 30 என்றால் 27 பங்கு வேண்டும். 20 என்றால் 17 பங்கு. 10 என்றால் 7 பங்கு போதும். விடை வந்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஆடு மேய்க்கும் பாட்டியின் பேரன் கேட்டான், “மே மாசம் 27 பங்குக்கு எங்க சார் போறது?” ஆறு ஓடும்போது தானும் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்கிறது, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது, அதனால் இந்தக் கணக்கு நீர் கலக்கும் இடத்துக்கு மட்டும்தான் சரியாகப் பொருந்தும். அதையும் சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் அவன் கேள்வி நின்றுகொண்டுதான் இருக்கிறது.

பி.ஓ.டி.யோடு விஷயம் முடியவில்லை. பாட்டி ‘கால் வைக்காதே’ என்றது கிருமிகளை மனதில் வைத்து. நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கலாம், நாற்றம் இல்லாமல் இருக்கலாம், பி.ஓ.டி. வரம்புக்குள் இருக்கலாம், அப்போதும் நோய்க்கிருமி இருக்கும். கணக்கை மறுபடி பாருங்கள். 100 மில்லிலிட்டர் சாக்கடையில் ஒரு கோடி மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா இருப்பது சாதாரணம். நிலையம் 99 சதவீதத்தை நீக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் தேர்வு என்றால் 99க்குக் கைதட்டுவோம். இங்கே மீதி எவ்வளவு? ஒரு லட்சம். குளிக்கும் நீரில் 500 இருந்தால் நல்லது, 2,500க்கு மேல் கூடவே கூடாது என்பது வரம்பு. அடுக்குக்குறி எண்கள் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 99.99 சதவீதம் நீக்கினால்தான் ஆயிரத்துக்கு வரும். 2017 அறிவிக்கை நிலைய நீருக்கு வைத்திருக்கும் வரம்பும் அந்த ஆயிரம்தான். அதற்குத்தான் கடைசியில் குளோரினோ புற ஊதாக் கதிரோ வேண்டியிருக்கிறது. குளோரினையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்ட முடியாது, மிஞ்சினால் மீனுக்கு ஆகாது.

இந்த இடத்தில் ஒரு வெளிநாட்டு ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இல்க்லி என்று ஒரு சிற்றூர். அதன் வழியே வார்ஃப் என்ற ஆறு ஓடுகிறது. வெயில் நாளில் பிள்ளைகள் இறங்கி விளையாடும் ஆறு. சுத்திகரிப்பு நிலையத்தின் நீரும் அதில்தான் போகிறது. பெருமழையில் சாக்கடை நிரம்பினால் சுத்திகரிக்காத நீரும் போகும். ஊர்க்காரர்கள் 2019இல் தாங்களே நீர் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமிகள் எக்கச்சக்கம். இங்கே ஒரு விஷயம் வெளிப்பட்டது: அந்த நாட்டில் உள்நாட்டு ஆறுகளில் விடும் நீருக்கு பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், அம்மோனியா ஆகியவற்றுக்கு வரம்பு வைப்பதுதான் வழக்கம். கிருமி நீக்கம் பெரும்பாலும் கடற்கரைக் குளியல் இடங்களுக்குத்தான். ஆக, நிலையம் விதிப்படியே இயங்கினாலும் ஆற்றில் கிருமி இருக்கும்.

அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எங்கள் ஆற்றுப் பகுதியை அரசு அதிகாரபூர்வமான குளியல் நீர்நிலையாக அறிவிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள். அதுவரை இங்கிலாந்தில் எந்த ஆற்றுக்கும் அந்தத் தகுதி கிடையாது. 2020 டிசம்பரில் கிடைத்தது. மறு ஆண்டு அரசு அமைப்பே குளியல் பருவம் முழுக்க நீரைச் சோதித்தது. முடிவு: ‘மோசம்’. குளியல் நீர்நிலை என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் குளிக்க வேண்டாம் என்று அறிவிப்பு வைக்க வேண்டியதாயிற்று. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் கேட்டது அந்தப் பலகையைத்தான். ஆறு சுத்தம் என்ற சான்றிதழை அவர்கள் தேடவில்லை. யாராவது தொடர்ந்து அளந்து, அளந்ததை வெளியே ஒட்ட வேண்டும் என்றார்கள். அளந்தபோது சாக்கடை மட்டும் காரணமில்லை, மேல்புற விவசாய நிலங்களிலிருந்து வரும் கால்நடைக் கழிவும் பங்கு வகிக்கிறது என்பதும் தெரிந்தது. அளக்காவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது.

நம் பக்கம் வருவோம். பல இடங்களில் மக்களின் கோபம் ‘நிலையமே வேண்டாம்’ என்று முடிகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். நிலையம் வராவிட்டால் கழிவுநீர் நின்றுவிடுமா? அதே கழிவுநீர் அதே ஆற்றுக்குத்தான் வரும், சுத்திகரிக்காமல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதில் உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர். நூற்றுக்கு 28. மிச்சம் 72 பங்கு எங்கே போகிறது என்பதற்கு யாரும் ஊர்வலம் போவதில்லை, ஏனென்றால் அதற்குத் திறப்பு விழா நடப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நகரம் ஆற்றிலிருந்து நீரை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் போனால் கீழ்ப்பக்கத்து ஊர்களுக்கு அதுவும் அநியாயம்தான். நன்றாகச் சுத்திகரித்த நீர் ஆற்றுக்குத் திரும்புவது பல இடங்களில் தேவையே. தேவை இல்லாத இடங்களில் வேறு வழிகள் உண்டு. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு ஆகிய இரண்டு இடங்களிலும் தலா 4.5 கோடி லிட்டர் நாள் கொள்ளளவில், கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். மணலித் தொழிற்சாலை கொதிகலனுக்கு ஆற்று நீரோ ஏரி நீரோ எதற்கு?

எங்கள் பகுதிக் கிராம சபைக்கு முன்பு மாணவர்கள் வகுப்பில் சில கேள்விகளை எழுதினார்கள். தாள்கள் வீட்டுக்குப் போயின; பெற்றோர் சிலர் அவற்றைக் கூட்டத்தில் கேட்டார்கள். வெளியேறும் நீரின் பி.ஓ.டி. எவ்வளவு, மலக் கோலிஃபார்ம் எவ்வளவு? இதை யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கிறார்கள்? மே மாதத்தில் நீர் விடும் இடத்துக்கு மேலே ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும்? மின்சாரம் போனால்? கசடை எங்கே கொண்டுபோகிறீர்கள்? வந்திருந்த பொறியாளர் கோபப்படவில்லை. உள்ளபடியே மகிழ்ந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் உள்ள எண்களைப் படித்துக் காட்டினார். மின்சாரக் கேள்விக்கு “ஜெனரேட்டர் இருக்கிறது” என்றார். “டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும்?” என்று ஓர் அம்மா கேட்டார். அதற்குச் சரியான பதில் வரவில்லை. கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி ஏறியது. மாதம் ஒருமுறை சோதனை முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் ஏறியது. முதல் இரண்டு மாதம் ஒட்டினார்கள். மூன்றாம் மாதம் இல்லை. போய்க் கேட்ட பிறகு வந்தது.

ஆசிரியர் இதில் எங்கே நிற்பது என்று சிலர் கேட்டார்கள். அரசு ஊழியர் நாம். அரசுத் திட்டத்தை எதிர்த்துப் பேசுவதாகிவிடாதா? நான் எந்தத் திட்டத்தையும் எதிர்க்கவுமில்லை, ஆதரிக்கவுமில்லை. சராசரியும் சமன்பாடும் நடத்தினேன். அந்த மாணவியின் அப்பா வேலையின் அருமையும் அந்தப் பாட்டியின் பயத்தின் நியாயமும் ஒரே கரும்பலகையில் இடம்பெற்றன.

வகுப்பறையில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். தயவுசெய்து பிள்ளைகளைக் கழிவுநீர் மாதிரி எடுக்க அனுப்பாதீர்கள். சமையலறையே போதும். அரிசி கழுவிய நீரை ஓர் இரவு வையுங்கள். நான்கு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் அந்த நீர் அப்படியே. மற்றவற்றில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு, நான்கு பங்கு, எட்டுப் பங்கு கிணற்று நீர். குழாய் நீர் வேண்டாம், குளோரின் இருந்தால் நுண்ணுயிர் செத்துச் சோதனை படுத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் இரண்டு பாத்திரங்களுக்கு இடையே பத்து முறை ஆற்றி ஊற்றுங்கள், காற்று கரையட்டும். ஒவ்வொன்றிலும் உயிரியல் ஆய்வகத்தில் இருக்கும் மெத்திலீன் நீலம் சில துளிகள், எல்லாவற்றிலும் ஒரே அளவு. காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, இருட்டு அலமாரியில் வையுங்கள். ஆக்சிஜன் தீர்ந்த பாட்டிலில் நீலம் மறையும். எது முதலில் வெளுக்கிறது, எது கடைசி வரை நீலமாக நிற்கிறது என்று பிள்ளைகள் நேரம் குறிக்கட்டும். வெளுத்த பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு நன்றாகக் குலுக்கச் சொல்லுங்கள். நீலம் திரும்பி வரும். அந்த நொடியில் காற்றூதி எதற்கு என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியிருக்காது.

சுத்திகரிப்பு நிலையத்துக்குக் களப்பயணம் போவதானால் உள்ளாட்சி அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இருபது பேருக்கு மேல் வேண்டாம். தொட்டி ஓரம் கம்பிக்கு வெளியேதான் நிற்க வேண்டும், எதையும் தொடக் கூடாது, வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். அங்கே வேலை செய்பவர்களைப் பேச விடுங்கள். எங்கள் பயணத்தில் பொறியாளரைவிட அந்த மாணவியின் அப்பாதான் அதிகம் பேசினார். நுரையின் நிறத்தைப் பார்த்தே தொட்டியின் உடல்நலத்தைச் சொல்கிறார்.

ஒரு நடைமுறைச் சிக்கலோடு நிறுத்துகிறேன். இதையெல்லாம் கவனிக்க வேண்டிய மாதம் மே. ஆற்றில் நீர் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான், பள்ளி மூடியிருப்பதும் அப்போதுதான். நாங்கள் மார்ச்சிலேயே பாலத்தின் மேலிருந்து ஆற்று நீரின் அகலத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டோம், பாலத் தூண்களே அளவுகோல். மே மாதத்துக்கு வாரம் ஒருவராக நான்கு பேர், பெரியவர் ஒருவர் துணையுடன், பாலத்தில் நின்று நீர் எத்தனை தூண் வரை ஓடுகிறது என்று எழுதுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வாரத்துக்கு அந்தப் பேரன் பெயர் கொடுத்திருக்கிறான். துணைக்குப் பாட்டி வருவாராம்.